மாலை நேரத்து இசைவாணர்



இசை வரலாற்று நூல்களைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் பெரும் பக்கங்களைப் பெற்றிருப்போர், ஆழ்ந்து கேட்க வேண்டிய பேரிசைப் படைப்புகளை இயற்றியவர்களே. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்து, காலால் தாளமிட்டுக் கேட்டு மகிழ்ந்த இசையை இயற்றியவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. 'மெல்லிசை', 'நடன இசை' என்னும் சொற்களையே சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. கனமானது உயர்ந்தது, இலேசானது தாழ்ந்தது என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

இந்த எண்ணம் சரிதானா? மக்களை மகிழ்விப்பதற்கென்றே ஒருவன் தன் வாழ்நாளைச் செலவிட்டால், அவ்வாழ்வு சிறிய வாழ்வு ஆகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேட, 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க் நாட்டில் வாழ்ந்த ஓர் இசைவாணரை இம்மாதம் சந்திப்போம். அவர் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பி. 'வடதிசையின் ஸ்ட்ராஸ்' என்று ஐரோப்பியர் அவரைப் புகழ்ந்தனர்.

டென்மார்க் என்றதும் தமிழராகிய நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வருவது இயல்பே. 1620-இல் அங்கே குடியேறிக் கோட்டை எழுப்பிய டேனியர், 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றனர். அப்போது டென்மார்க்கை ஆண்டவர் மன்னர் எட்டாம் கிறிஸ்டியன். தொலைதூரக் குடியேற்றங்களைக் கைவிட்டுவந்த அந்தச் சிறிய நாட்டின் தலைநகரில், அதே மன்னரின் ஆட்சியில்தான் லும்பியின் இசை மலர்ந்தது.

எக்காளம் ஊதிய இளைஞர்

லும்பி 1810-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தார். அவர் பிறந்த காலம் டென்மார்க்கிற்குத் துன்பமான காலம். 1807-இல் ஆங்கிலேயக் கடற்படை கோப்பன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கியிருந்தது. 1813-இல் அரசின் கருவூலமே திவாலாகிப் பணம் மதிப்பிழந்தது. அடுத்த ஆண்டில், நூற்றாண்டுகளாக டேனிஷ் முடியின் கீழிருந்த நார்வே நாடு கைவிட்டுப் போயிற்று. வறுமையும் தோல்வியும் சூழ்ந்த ஒரு நாட்டின் பிள்ளையாகவே அவர் வளர்ந்தார்.

ராண்டர்ஸ், ஓடென்ஸ் ஆகிய ஊர்களில் சிறு வயதிலேயே இசை பயின்றார். உலகக் குழந்தைகளெல்லாம் அறிந்த கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்து வளர்ந்த ஊரும் அந்த ஓடென்ஸ்தான். 14 வயதிலேயே லும்பி படைப்பிரிவு ஒன்றின் இசைக்குழுவில் எக்காளம் ஊதத் தொடங்கினார். 1829-இல் கோப்பன்ஹேகனில் குதிரைக் காவற்படையின் எக்காளக்காரராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கலாப்' என்னும் விரைவு நடனம், குதிரையின் நாலுகால் பாய்ச்சலிலிருந்து பெயர் பெற்றது. குதிரைப் படையில் பணியாற்றிய ஒருவர் அந்நடனத்தில் சிறந்து விளங்கியது பொருத்தந்தான் அல்லவா?

அவர் வாழ்வின் திருப்பம் 1839-இல் நேர்ந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியிலிருந்து வந்த இசைக்குழு ஒன்று, வியன்னா நகரில் அப்போது கொடிகட்டிப் பறந்த மூத்த யோஹான் ஸ்ட்ராஸின் நடன இசையைக் கோப்பன்ஹேகனில் வாசித்துக் காட்டிற்று. லும்பி அதைக் கேட்டார். அவருக்கு அப்போது வயது 29. இதுதான் தம் வழி என்று அவர் தெளிந்தார். அடுத்த ஆண்டிலேயே சொந்தமாக ஓர் இசைக்குழுவைத் திரட்டி, 'ஸ்ட்ராஸ் பாணிக் கச்சேரி' என்ற பெயரில் மேடையேறினார்.

ஸ்ட்ராஸின் இசை நடன மண்டபத்திற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அமர்ந்து கேட்பதற்கும் ஏற்றதாக அது வளர்ந்திருந்தது. மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ், இரண்டு எண்ணிக்கையில் துள்ளும் போல்கா, போலந்து நாட்டு மசூர்க்கா, மூச்சு வாங்க ஓடும் கலாப் ஆகிய இவை யாவும் எளிய அமைப்புடையவை. அவற்றைக் கேட்கப் பயிற்சி வேண்டியதில்லை. இசையறிவு இல்லாதவரும் முதல் முறை கேட்கும்போதே அவற்றைப் புரிந்துகொள்வர். லும்பி இந்த எளிமையைப் பற்றிக்கொண்டார். ஆனால் வியன்னாவை அப்படியே நகல் எடுக்கவில்லை. தம் மக்கள் அன்றாடம் கண்டும் கேட்டும் வந்தவற்றை அந்த அமைப்புக்குள் கொண்டுவந்தார்.

மதிலுக்கு வெளியே ஒரு பூங்கா

இத்தகைய இசைக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அவ்விடத்தை அமைத்தவர் ஜியார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர். லண்டனில் வாக்ஸ்ஹால் பூங்காவும், பாரிஸில் டிவோலி பூங்காவும் புகழ்பெற்றிருந்தன. அவற்றைப் போன்ற ஓர் இன்பப் பூங்காவைக் கோப்பன்ஹேகனிலும் அமைக்க அவர் விரும்பினார். நகரம் அந்நாளில் மதில்களாலும் அகழியாலும் சூழப்பட்டிருந்தது. மேற்கு வாயிலுக்கு வெளியே, கோட்டைக்குச் சொந்தமான நிலத்தில் பூங்கா அமைக்க அனுமதி கிடைத்தது. போர் மூண்டால் உடனே பிரித்தெறியக் கூடிய இலேசான கட்டடங்களையே அங்கு எழுப்பலாம் என்பது நிபந்தனை. பழைய அகழியின் ஒரு பகுதியே இன்றும் அப்பூங்காவின் ஏரியாக விளங்குகிறது.

1843 ஆகஸ்டு 15-ஆம் நாள் டிவோலி திறக்கப்பட்டது. வண்ண விளக்குகள், மலர்ப் பாத்திகள், இராட்டினங்கள், வாணவேடிக்கைகள், ஊமைக்கூத்து ஆகியவற்றோடு ஓர் இசை மண்டபமும் இருந்தது. அதன் இசை இயக்குநர் லும்பி. இலையுதிர் காலத்தில் பூங்கா மூடப்படுவதற்குள், இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 1,75,000 பேர் வந்து சென்றனர். நகரத்தின் மக்கள்தொகையையே விஞ்சிய எண்ணிக்கை இது!

அவ்வாறு வந்தவர்களுள் ஆண்டர்சனும் ஒருவர். அந்த ஆண்டு அக்டோபரில் டிவோலிக்குச் சென்ற நாளன்றே, 'இராப்பாடி' என்னும் பறவையைப் பற்றிய சீனக் கதையைத் தாம் எழுதத் தொடங்கியதாக அவர் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். பேரரசனின் அரண்மனையில் பாடிய அந்தச் சிறு பறவையின் கதையை வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லாத பெற்றோர் குறைவு. வண்ண விளக்குகளுக்கு இடையே இசை கேட்ட ஒரு மாலைப்பொழுது உலகிற்கு அளித்த கொடை அது எனலாம்.

சிறு நுழைவுக் கட்டணம் செலுத்திய எவரும் அப்பூங்காவுக்குள் வரலாம். வணிகரும் வண்டிக்காரரும், அரசு அலுவலரும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் ஒரே பாதையில் நடந்து ஒரே இசையைக் கேட்டனர். பிறப்பும் பதவியும் ஆட்களைப் பிரித்துவைத்திருந்த அக்காலத்தில், இவ்வாறு பலரும் கூடுவதற்கு வேறு இடங்கள் மிகக் குறைவு.

தக்கையும் புகைவண்டியும்

மக்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தனர்? இரண்டு படைப்புகளை மட்டும் சொல்வோம்.

முதலாவது, 1845-இல் இயற்றப்பட்ட 'ஷாம்பேன் கலாப்'. ஷாம்பேன் என்பது விழாக்களில் பரிமாறப்படும் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை மது. போத்தலைத் திறக்கும்போது அதன் தக்கை 'படார்' என்று தெறித்துப் பறக்கும். லும்பியின் இசை அந்தத் தக்கை ஓசையோடு தொடங்குகிறது. பின்னர் நுரை பொங்குவதைப் போல் இசை பொங்கிப் புரண்டு ஓடுகிறது. இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. போத்தல் திறக்கும் வசதி இல்லாதவருக்கும் அன்று அந்த விருந்தில் பங்கு கிடைத்தது!

இரண்டாவது, 1847-இல் வந்த 'கோப்பன்ஹேகன் நீராவி ரயில் கலாப்'. அந்த ஆண்டு ஜூன் மாதம் கோப்பன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்ட் நகருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. நகரமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. லும்பி அந்தப் பேச்சை இசையாக்கினார். தொடக்கத்தில் பயணிகள் கூடிப் பேசுவதைப் போன்ற அமைதியான இசை. பிறகு மணி ஒலிக்கிறது, ஊதல் கேட்கிறது. தாள வாத்தியங்கள் நீராவியின் மூச்சை மெல்ல மெல்ல எழுப்புகின்றன. வேகம் கூடிக்கொண்டே போய், வண்டி முழு விசையில் ஓடும்போது கலாப் நடனமும் முழு விசையில் ஓடுகிறது. இறுதியில் வேகம் தளர்ந்து, மூச்சு இளைத்து, வண்டி அடுத்த நிலையத்தில் வந்து நிற்கிறது.

இது வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாமா? ஆண்டு 1847 என்பதை நினைவிற் கொள்ளுங்கள். குதிரையைவிட விரைவாக ஓடும் எந்த வண்டியையும் அந்நகர மக்களுள் பெரும்பாலோர் அதுவரை கண்டதில்லை. புகை கக்கி முழங்கிய அந்த இரும்பு உருவத்தைக் கண்டு வியந்தவர்களும் உண்டு, அஞ்சியவர்களும் உண்டு. தமக்குப் புதிதாயும் அச்சம் தருவதாயும் இருந்த ஒன்றை, மனைவி மக்களோடு ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து சிரித்துக்கொண்டே கேட்க அவர்களால் முடிந்தது. சிரித்துப் பழகிய பொருளிடம் நமக்கு அச்சம் நீங்கிவிடுகிறது. இதை இசையால் செய்து காட்டியவரைச் சாதாரணமானவர் என்று எப்படிக் கூறுவது?

லும்பியிடம் ஓசை வேடிக்கை மட்டுமே இருந்ததென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1846-இல் இயற்றிய 'அமேலி வால்ட்ஸ்', அதே ஆண்டில் வந்த 'கனவுக் காட்சிகள்' ஆகியவற்றில் மென்மையும் ஏக்கமும் நிறைந்திருக்கின்றன. டென்மார்க்கின் புகழ்மிக்க நடன ஆசிரியர் ஆகஸ்டு போர்னோன்வில் 1842-இல் அமைத்த 'நப்போலி' என்னும் நாட்டிய நாடகத்தின் இறுதி கலாப் இசையும் லும்பியுடையதே. அந்நாட்டிய நாடகம் டேனிஷ் அரச அரங்கில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது.

மன்னர் போட்ட கணக்கு

இவ்விடத்தில் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். டிவோலிக்கு அனுமதி கேட்டுச் சென்ற கார்ஸ்டென்சன், "கேளிக்கையில் ஈடுபட்டிருக்கும் மக்கள் அரசியலைப் பற்றிச் சிந்திக்க மாட்டார்கள்" என்னும் பொருள்பட மன்னரிடம் எடுத்துரைத்ததாகக் கூறுவர். டென்மார்க்கில் அப்போது நடந்தது முழு முடியாட்சி. ஐரோப்பா எங்கும் உரிமைக் குரல்கள் எழுந்துகொண்டிருந்தன. அந்நிலையில் ஒரு மன்னருக்கு இக்கணக்கு இனிக்காமல் இருக்குமா?

மெல்லிசையையும் எளிய கேளிக்கைகளையும் குறைகூறுவோர் சொல்வதும் இதையேதான்: அவை மக்களை மயக்கி, தம் நிலையை மறக்கச் செய்துவிடும் என்கின்றனர். இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மக்களின் வாயை அடைப்பதற்காகவே விழா எடுத்த அரசர்கள் வரலாற்றில் உண்டு.

ஆனால் கோப்பன்ஹேகனில் நடந்தது என்ன? 1847-இல் கார்ஸ்டென்சனின் முயற்சியால் 'காசினோ' என்னும் மண்டபம் ஒன்று நகருக்குள் திறக்கப்பட்டது. பெயரைக் கண்டு சூதாட்ட விடுதி என்று கருத வேண்டாம். குளிர்காலத்தில் மக்கள் நாடகமும் இசையும் அனுபவிப்பதற்கான பொது அரங்கு அது. லும்பியின் கச்சேரிகளும் அங்கே நடைபெற்றன. 1848 ஜனவரியில் மன்னர் எட்டாம் கிறிஸ்டியன் மறைந்தார். மார்ச் 20-ஆம் நாள் அரசியல் உரிமை கோரிய நகர மக்கள் பெருந்திரளாகக் கூடிய இடம் எது தெரியுமா? அந்தக் காசினோ மண்டபமேதான்! மறுநாள் ஆயிரக்கணக்கானோர் அரண்மனையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். புதிய மன்னர் ஏழாம் பிரடெரிக் இணங்கினார். இரத்தம் சிந்தாமலேயே முழு முடியாட்சி முடிவுற்றது. 1849 ஜூன் 5-ஆம் நாள் டென்மார்க் தன் முதல் அரசியலமைப்புச் சட்டத்தைப் பெற்றது.

லும்பியின் இசைதான் இதைச் செய்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது மிகையாகும். ஆயினும் ஓர் உண்மை இங்கே புலப்படுகிறது. கூடி மகிழக் கற்ற மக்கள் கூடிச் சிந்திக்கவும் அறிவர். அயலாரோடு தோளோடு தோள் அமர்ந்து சிரித்தவர்கள், வேளை வந்தபோது அதே அயலாரோடு தோள் சேர்ந்து நடக்கவும் துணிந்தனர். மகிழ்ச்சி மக்களைச் சிந்திக்க விடாது என்று போட்ட கணக்கு பொய்த்துப் போயிற்று.

இலேசானதன் கனம்

அந்த மகிழ்ச்சியைத் தந்தவரின் வாழ்வு இலேசாக இருந்ததா? இல்லை. 1843 முதல் 1872 வரை ஏறக்குறைய 30 கோடைகாலங்கள் அவர் டிவோலியில் இசை நடத்தினார். கேட்க வந்தவர்கள் நாள்தோறும் புதியதை எதிர்பார்த்தனர். அரச குடும்பத் திருமணமா, புதிய ரயிலா, நகரத்துக்கு வந்த நடன மங்கையா, எதுவாயினும் அதற்கொரு புதிய இசை வேண்டும். இவ்வாறு நூற்றுக்கணக்கான படைப்புகள் பிறந்தன. அவற்றுள் பல அந்தக் கோடையோடு மறக்கப்பட்டிருக்கும் என்பதை இயற்றியவரும் அறிந்தே இருப்பார். அறிந்தும் ஒவ்வொன்றையும் செம்மையாகச் செய்தார். இரண்டு நிமிட இசை என்பதற்காக அவர் வேலையில் குறை வைக்கவில்லை.

பாரிஸ், பெர்லின், வியன்னா ஆகிய பெருநகரங்களிலும், 1850-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலும் அவருடைய இசை ஒலித்தது. எங்குச் சென்றாலும் தம் பூங்காவுக்கே திரும்பி வந்தார். பூங்காவை நிறுவிய கார்ஸ்டென்சனோ 1848-ஆம் ஆண்டுப் போரில் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். அதன்பின் நிர்வாகத்தாரோடு பிணக்கு ஏற்பட்டு டிவோலியை இழந்தார். நிறுவியவர் சென்ற பின்னும் இசைவாணர் தம் இடத்தில் நிலைத்து நின்றார்.

அவர் கண்ட காலமும் எளிதானதன்று. 1853-இல் கொள்ளைநோயாகிய காலரா கோப்பன்ஹேகனைத் தாக்கி, சில மாதங்களில் ஏறக்குறைய 4,700 பேரைக் கொண்டு சென்றது. 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் என்னும் மூன்று சிற்றரசுகளையும் இழந்தது. மகனையோ கணவனையோ இழந்த குடும்பங்கள் எத்தனை! அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1868-இல், லும்பி 'அரசி லூயிசா வால்ட்ஸ்' என்னும் இசையை இயற்றினார். அழுது தீர்த்த வீட்டிலும் விளக்கேற்றத்தானே வேண்டும்? துயரம் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டதே மெல்லிசை என்று எண்ணுவோர் அந்த மக்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெருப்புக்குப் பின்

1874 மார்ச் 20-ஆம் நாள் லும்பி கோப்பன்ஹேகனில் காலமானார். அவருடைய புதல்வர்களான கார்ல், ஜியார்ஜ் இருவரும் தந்தையின் வழியில் இசையமைப்பாளர்களாய்த் திகழ்ந்தனர். 1938-இல் அவருடைய வாழ்வைத் தழுவி 'ஷாம்பேன் கலாப்' என்ற பெயரிலேயே டென்மார்க்கில் ஒரு திரைப்படமும் வெளிவந்தது.

பின்னர் ஒரு சோதனை வந்தது. இரண்டாம் உலகப் போரில் நாஸி ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்தது. 1944 ஜூன் மாதத்தில், நாஸிகளின் உள்நாட்டுக் கையாட்கள் டிவோலியில் வெடிவைத்துத் தீயிட்டனர். இசை மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. படைக்கலம் எதுவும் இல்லாத ஒரு பூங்காவை ஏன் எரிக்க வேண்டும்? டேனிஷ் மக்களின் உள்ள உறுதியைக் குலைப்பதே நோக்கம். மக்களின் மகிழ்ச்சி எத்துணை வலிமையுள்ளது என்பதை, அதை அஞ்சிய பகைவரே இவ்வாறு ஒப்புக்கொண்டனர் எனலாம். மக்களோ சோர்ந்துவிடவில்லை. தற்காலிகக் கொட்டகைகளை அமைத்துச் சில வாரங்களிலேயே பூங்காவைத் திறந்துவிட்டனர். புதிய இசை மண்டபம் 1956-இல் எழுந்தது.

இன்றும் டிவோலி இருக்கிறது. 1843-இல் லும்பியின் தலைமையில் தொடங்கிய இசைக்குழுவின் வழிவந்ததே, இன்று 'கோப்பன்ஹேகன் ஃபில்' என்று பெயர் பெற்றுள்ள இசைக்குழு. தக்கை தெறிக்கும் ஓசை அங்கே இன்னும் கேட்கிறது. ரயில் இன்னும் புறப்படுகிறது. நீராவி ரயிலை நேரில் கண்டறியாத குழந்தைகளும் அதைக் கேட்டுச் சிரிக்கின்றனர்.

அன்பர்களே, நம் குடும்பங்களிலும் இத்தகையோர் உண்டு. வீட்டுக்குப் பொருள் ஈட்டித் தருபவரை நாம் மதிக்கிறோம். அறிவுரை கூறும் பெரியவரைப் போற்றுகிறோம். ஆனால் இரவு உணவு வேளையில் ஒரு வேடிக்கைச் சொல்லால் எல்லாரையும் சிரிக்கவைக்கும் மாமாவையோ, பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுப் பாடும் அத்தையையோ நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் மறைந்த பின்னரே வீட்டின் அமைதி நம்மை உறுத்துகிறது. அவர்களால்தான் நாம் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்தோம் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

லும்பி தம் நகரத்துக்கு அத்தகைய ஓர் உறவினராக இருந்தார். அத்தகையவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் உங்களோடு இருக்கும்போதே ஒரு நன்றிச் சொல் சொல்லிவிடுங்கள்.